மூன்று போல்ட் வாடிக்கையாளர்

ஷைனியின் கார் காலையில் கிளம்பும்போது மட்டும் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் போடும். பத்து நிமிஷம் ஓடி இன்ஜின் சூடானதும் ஊமையாகிவிடும்.

"உள்ள பல்லி கீதுடி," என்றார் மாமியார் ஆரோக்கியமேரி. ஞாயிறு தவறாமல் முதல் பூசைக்குப் போகிற மனுஷி. ஆனாலும் பல்லி எந்தத் திசையில் சொல்கிறது என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்டார்.

திருவள்ளூரில் ஒரு பல் டாக்டரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டர்போ கார் அது. இன்ஜின் கக்கும் சூட்டுப் புகையாலேயே ஒரு காற்றாடியைச் சுழற்றி, அதைக் கொண்டு இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற வண்டி. மிதித்தால் பறக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் விற்றார். ஷைனியின் கணவன் ஸ்டீவன் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவன், பைக்கில் போய்விடுவான். கார் ஷைனிக்கு. கும்மிடிப்பூண்டி பக்கத்துக் காலனியிலிருந்து தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குத் தினமும் அதில்தான் போய்வந்தாள். பக்கத்துத் தெரு கன்னியம்மாவும் கூடவே ஏறிக்கொள்வாள். இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. ஷைனி தரம் பார்க்கிறவள், கன்னியம்மா கேட்டில் செக்யூரிட்டி.

சத்தத்தைவிட நாற்றம்தான் மோசம். மேடு ஏறும்போது காருக்குள் புகை வாசம் அடித்தது. கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தலை வலிக்குதுடி, இன்னான்னு பாரேன்," என்று தினமும் சொல்வாள். மாதர்பாக்கம் சாலையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அன்புராஜிடம் மூன்று முறை கொண்டுபோய்க் காட்டினாள். ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், சத்தம் நின்றுவிடும். அன்புராஜ் பானட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லையே ஷைனிம்மா," என்று மூடுவார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரே வீட்டுக்கு வந்தார். காரை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். அன்புராஜ் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, "ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார். டிக் டிக் டிக்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

வெளியே வந்தபோது மூக்கில் கரி. "பல்லியும் இல்ல, ஓணானும் இல்ல. டர்போவும் புகைக் குழாயும் சேர்ற எடத்துல மூணு போல்ட் இருக்கணும். ஒண்ணு கீது. ஒண்ணு மரை போய் ஆடிக்கினு கீது. ஒண்ண காணவே காணோம். முன்ன எவனோ கழட்டிட்டு சரியா முறுக்காம வுட்டுட்டான். குளுந்து கெடக்கும்போது அந்தச் சந்துல புகை அடிக்குது, அதான் டிக் டிக்னுது. சூடு ஏறினா இரும்பு விரிஞ்சு சந்து கொஞ்சம் மூடிக்குது. மேடு ஏறச்சொல்ல மறுபடி பிச்சிக்கினு அடிக்குது. இத்த தினம் மோந்தீங்கன்னா தலைவலியோட நிக்காது."

"போல்ட் போட்டா சரியாயிடுமா?" என்றார் ஆரோக்கியமேரி, பல்லி இல்லாமல் போன ஏமாற்றத்தோடு.

"கடை போல்ட் தாங்காதும்மா. அந்த எடம் அடுப்பு மாதிரி செவக்கும். சூட்டுக்குன்னே செஞ்ச போல்ட் வேணும்."

கார் கம்பெனி ஷோரூமில் கேட்டதற்கு, அந்த போல்ட் தனியாக வராது, டர்போவோடு சேர்த்து மொத்தமாகத்தான் வரும், அதுவும் நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார்கள். அன்புராஜ் மிச்சமிருந்த நல்ல போல்ட்டைக் கழற்றி, அளவு காட்டி வேறு எங்கேயாவது தேடட்டும் என்று ஷைனி கையில் கொடுத்தார். மூன்று துளையிலும் தற்காலிகமாகக் கடை போல்ட்டை மாட்டிவிட்டார்.

ஷைனி அந்த போல்ட்டின் கரியைத் துடைத்தாள். தலையில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் ஒரு புள்ளி. அது அவள் தொழிற்சாலையின் முத்திரை. சூடு தாங்கும் போல்ட், டர்போவுக்கென்றே செய்வது. ஷிப்டுக்கு ஒன்பதாயிரம் போல்ட் அவள் மேஜையைக் கடந்துதான் போகும். ஏழு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அட, நம்ம போல்ட்டு!" என்று சிரித்தாள். வேலை முடிந்துவிட்டதென்றே நினைத்தாள்.

மறுநாள் அளவு ஒத்துப்பார்க்க அதைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஒத்துப்போனது, மயிரிழை வித்தியாசமில்லை. சாயங்காலம் வெளியே வரும்போது கன்னியம்மா கையில் இருந்த கருவி 'கீங்' என்றது.

"பையில இன்னா?"

"போல்ட்டுக்கா. என் கார்ல கழட்டினது. காலைல நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போதுதானே காட்டினேன்?"

"காட்டின. அது கார்ல. இது கேட்டு." கன்னியம்மா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கம்பெனி மார்க் கீது. உள்ள எத்துக்குனு போனதுக்கு சீட்டு வாங்கினியா?"

"ஒரு போல்ட்டுக்கு சீட்டா?"

"ஊட்டுல நான் உனக்கு அக்கா. இங்க நான் செக்யூரிட்டி," என்றாள் கன்னியம்மா. போல்ட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 'கைப்பற்றப்பட்டது: ஒன்று' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அரைமணி நேரம் கழித்து அதே காரில் ஏறி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "தலை வலிக்குதுடி, சீக்கிரம் அந்த போல்ட்ட போடேன்," என்றாள்.

ஷைனி வண்டியைக் கிளப்பினாள். மூன்று போல்ட்டுக்கு ஆசைப்பட்டு இருந்த ஒன்றையும் இழந்தாயிற்று.

மறுவாரமே கடை போல்ட்டில் ஒன்று அறுந்து கவரைப்பேட்டை பக்கம் எங்கேயோ விழுந்தது. இப்போது சத்தம் பல்லி இல்லை, டிராக்டர். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆட்கள் திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கி, லாரிக்கு வழிவிடுவதுபோல வழிவிட்டார்கள். பின்னால் வருவது ஒரு குட்டிச் சிவப்புக் கார் என்று தெரிந்ததும் முறைத்தார்கள். மிச்சமிருந்த இரண்டையும் போகவிடாமல் அன்புராஜ் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

ஷைனி தன் லைனைக் கவனிக்கும் சூப்பர்வைசர் ரகுவிடம் போய் நின்றாள். ரகு நல்லவர். மெயிலில் வந்தால் எதையும் நம்புவார், வாயால் சொன்னால் எதையும் நம்பமாட்டார்.

"மூணு போல்ட்டா? எம்ப்ளாயிக்கு விக்கறதுக்கு ரூல் இல்லம்மா. கழிச்சுப் போட்டதுகூட எடை போட்டு உருக்கத்தான் போவுது. கஸ்டமருக்கு மட்டும்தான் சாம்பிள் தருவாங்க."

"அப்ப கஸ்டமர் ஆகறது எப்டி சார்?"

ரகு யோசித்தார். "வெப்சைட்ல ஒரு ஃபாரம் கீது," என்றார்.

ஷைனி அன்று சாயங்காலமே போனில் அந்தப் படிவத்தை நிரப்பினாள். ஒரு வார்த்தை பொய் எழுதவில்லை. நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகர மறுத்தது. அதனால் வீட்டு முகப்பில் சிமெண்டில் எழுதியிருந்த பெயரைப் போட்டாள்: ஆரோக்கியமேரி இல்லம். எதற்குப் பயன்பாடு: டர்போ கார். ஆண்டுத் தேவை: 3. அந்தக் கட்டத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் 'லட்சத்தில்' என்று போட்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வேலை முடிந்து வீடு திரும்பியதும் சென்னை அலுவலகத்திலிருந்து விற்பனை மேலாளர் சரவணன் கூப்பிட்டார். அவர் இந்த ஆலைக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறவர். ஷைனியை அவருக்குத் தெரியாது.

"மேடம், மூன்று லட்சம்னு போட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்."

"சார், மூணு லட்சம் இல்ல சார். மூணு. எனக்கு மூணு போல்ட்தான் வேணும்."

"கண்டிப்பா மேடம். மூணுலேர்ந்தே ஆரம்பிப்போம். இன்னிக்கு எங்க பெரிய கஸ்டமர் எல்லாம் அப்படி ஆரம்பிச்சவங்கதான். வர்ற வெள்ளிக்கிழமை ஆலையை வந்து பாருங்க. உங்க எம்.டி. வருவாங்களா?"

"எம்.டி.யா?"

"ஆரோக்கியமேரி மேடம்?"

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆரோக்கியமேரி, தன் பெயர் போனில் கேட்டதும் நிமிர்ந்தார். "வரேன்னு சொல்லு," என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்கப் போனபோது ரகு தலையை ஆட்டினார். "முடியாது ஷைனி. அன்னிக்கு கஸ்டமர் விசிட். செக்கிங் ஆளு ஒருத்தரும் லீவு எடுக்கக்கூடாதுன்னு மெயில் வந்திருக்கு."

"சார், அந்தக் கஸ்டமரே நான்தான் சார்."

ரகு மெயிலைத் திறந்து காட்டினார். "ஆரோக்கியமேரி இல்லம்னு போட்டிருக்கு."

"அது என் மாமியாரு சார். எங்க ஊடு."

ரகு வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "இத்த நான் சென்னைக்கு போன் பண்ணி சொன்னேன்னா, மூணு லட்சம் ஆர்டர கெடுத்தவன்னு என் பேருதான் வரும்," என்றார் மெல்ல. "நீ ஒண்ணு பண்ணு. டூட்டிக்கும் வா. விசிட்டுக்கும் வா."

வெள்ளிக்கிழமை ஆரோக்கியமேரி கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். கன்னியம்மா சீருடையில் பின்சீட்டில். கார் இடிமாதிரி முழங்கிக்கொண்டு தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. ஆலைக்கு இருநூறு அடி முன்னாலேயே, "நிறுத்துடி, நிறுத்து," என்று கன்னியம்மா இறங்கி, தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். கார் கேட்டுக்கு வந்தபோது அவள் மூச்சிரைக்க விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள்.

"பேரு?"

"அக்கா..."

"பேரு சொல்லுங்க மேடம்."

"ஷைனி."

"எங்கேர்ந்து வரீங்க?"

ஷைனி பின்சீட்டைப் பார்த்தாள். கன்னியம்மாவின் சோற்று டப்பா அங்கேயே இருந்தது. "காலனிலேர்ந்து," என்றாள். கன்னியம்மா அப்படியே எழுதிக்கொண்டு, விருந்தினர் அட்டையை இருவர் கழுத்திலும் மாட்டிவிட்டு, பன்னீர் தெளித்து, ஆளுக்கொரு ரோஜாவும் கொடுத்தாள்.

வாசலில் பெரிய பலகை. 'ஆரோக்கியமேரி இல்லம் நிறுவனத்தாரை அன்புடன் வரவேற்கிறோம்.' ஆரோக்கியமேரி அதன் முன்னால் நின்று நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். அறுபத்தோரு வயதில் தன் பெயரைச் சிமெண்டுக்கு வெளியே இவ்வளவு பெரிதாகப் பார்ப்பது இதுதான் முதல்முறை. "எழுத்து நல்லா வந்துகீது," என்று மட்டும் சொன்னார்.

சரவணன் வெள்ளைச் சட்டையில் வந்து கைகுவித்தார். உள்ளே அழைத்துப்போய், இயந்திரங்கள் எல்லாவற்றையும் காட்டினார். போகிற இடமெல்லாம் ஷைனியோடு தினமும் நாஷ்டா சாப்பிடுகிற பெண்கள் நின்றிருந்தார்கள். விருந்தினர் வரும்போது பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று உத்தரவு. ஒருத்தியும் பேசவில்லை. காயத்ரி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள், அவள் தோள்கள் குலுங்கின.

கடைசியாகத் தரம் பார்க்கும் மேஜைக்கு வந்தார்கள். நாற்காலி காலி. மேலே 'ஷைனி' என்று பெயர்ப்பலகை. தட்டில் போல்ட் குவிந்துகொண்டே இருந்தது.

"இங்க ஆள காணோமே?" என்றார் ஆரோக்கியமேரி.

சரவணன் ரகுவைப் பார்த்தார். ரகு, "இப்ப வந்துடுவாங்க மேடம்," என்றார் தரையைப் பார்த்து.

"ஆளு இல்லாத மேஜைல போல்ட்ட யாரு பாக்கறது? நல்லது எது, கெட்டது எதுன்னு அதுவே சொல்லிக்குமா?"

மாமியார் வேண்டுமென்றே கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று ஷைனிக்குத் தெரியவில்லை. அதற்குமேல் யோசிக்க அவகாசமும் இல்லை. தட்டு நிரம்பி வழிந்தால் லைன் நின்றுவிடும். கை பரபரத்தது. அவள் ரோஜாவை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையால் எடுத்து, மரையைச் சுழற்றிப் பார்த்து, அளவுக் கருவியில் நுழைத்து, முத்திரையைத் தடவி, பச்சைப் பெட்டியில் போட்டாள். பத்து, இருபது, நாற்பது. ஒன்றில் மரை நசுங்கியிருந்தது. பார்க்காமலே சிவப்புப் பெட்டியில் எறிந்தாள்.

சரவணன் வாயைத் திறந்தபடி நின்றார். "பதினாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கஸ்டமர நான் பாத்ததில்ல," என்று ரகுவின் காதில் சொன்னார். "இவங்களுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க நிக்கவே முடியாது போலிருக்கே."

"ஆமா சார்," என்றார் ரகு. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

இருபது நிமிஷம் ஷைனி எழவில்லை. அதுவரை ஆரோக்கியமேரிக்கு டீயும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன. பிறகு மேலாளர் அறையில், நீலத் துணி விரித்த ஒரு சின்னப் பெட்டியை சரவணன் இரண்டு கையாலும் நீட்டினார். பன்னிரண்டு போல்ட் இருந்தது. ஷைனி மூன்றை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு போதும் சார். நான் முதல்லேர்ந்தே அதான சொல்லிக்கினு கீறேன்."

"இந்த நேர்மைதான் மேடம் தொழில்ல முக்கியம்," என்று சரவணன் நெகிழ்ந்துபோனார். மூன்று போல்ட்டுக்கு மூன்று பிரதி எடுத்த வெளிச்சீட்டு தயாரானது. கேட்டில் கன்னியம்மா சீட்டை வாங்கி, போல்ட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, முத்திரை குத்தி, "போயிட்டு வாங்க மேடம்," என்று சல்யூட் அடித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது, ஷெட்டுக்கு வந்துடறேன். என் சோத்து டப்பாவ மட்டும் குடுத்துட்டுப் போ," என்றாள்.

அன்புராஜின் ஷெட்டில் இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூட்டில் தொட்டால் கை வெந்துவிடும், மரையும் கெட்டுவிடும் என்றார். இரண்டு மணி நேரம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டு பானட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். கன்னியம்மா வந்து பழைய டயர் ஒன்றின்மேல் சீருடையோடு உட்கார்ந்தாள். ஆரோக்கியமேரி கழுத்து அட்டையைக் கழற்றவே இல்லை.

அன்புராஜ் கம்பியை வெட்டி எடுத்தார். கடை போல்ட்டுகள் ஓலைப்பட்டாசு மாதிரிக் கருகியிருந்தன. குழாய் சேரும் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நடுவில் புது கேஸ்கெட் தகடு வைத்து, மூன்று போல்ட்டையும் முதலில் விரலாலேயே சுற்றிவிட்டார். ஸ்பானரை எடுத்தார்.

"அண்ணா, கை முறுக்கு வேணாம். அளவு ஸ்பானர்ல போடுங்க."

"முப்பது வருஷக் கை இது ஷைனிம்மா."

"முன்ன மாட்டினவனும் அப்டித்தான் சொல்லியிருப்பான்."

அன்புராஜ் அவளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், உறை பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்த அளவு ஸ்பானரை எடுத்துவந்து, பிளாஸ்டிக்கை உரித்தார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஷைனிக்கு மனப்பாடம், பெட்டிகளின் மேல் அவள் தினமும் ஒட்டுகிற காகிதத்தில் அதுதான் அச்சிட்டிருக்கும். எண்ணைச் சொன்னாள். ஒன்றைக் கொஞ்சம், அடுத்ததைக் கொஞ்சம், மூன்றாவதைக் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி இறுக்கினார். ஒவ்வொன்றும் அளவுக்கு வந்ததும் ஸ்பானர் 'டக்' என்றது.

ஷைனி டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மூன்று முக்கோணங்கள், மூன்று புள்ளிகள். ஏழு வருஷத்தில் எத்தனை லட்சம் போல்ட் அவள் கையைத் தாண்டிப் போயிருக்கும். ஒன்றாவது எங்கே போய் உட்கார்ந்தது, என்ன பாரம் சுமக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டாள். அன்புராஜ், "டார்ச்ச ஆட்டாதீங்க," என்றார்.

ஸ்டார்ட் செய்தார்கள். சத்தம் வரவில்லை. மெல்லிய மூச்சு மட்டும். சூடேற்றி, மறுபடி ஆறவிட்டு, இன்னொரு முறை இறுக்கிப் பார்த்த பிறகே அன்புராஜ் கையைத் துடைத்தார். திரும்பிப் போகும்போது ஷைனி மேட்டில் மிதித்தாள். கார் எழும்பிப் பறந்தது. கன்னியம்மா மூக்கிலிருந்து கையை எடுத்து, ஒரு முறை ஆழமாக இழுத்துப் பார்த்து, "வாசனையே இல்லடி," என்றாள், அதில் ஏதோ குறை இருப்பதுபோல.

திங்கட்கிழமை ஷைனிக்கு ஒரு மெமோ வந்தது. வாடிக்கையாளர் வந்த சமயம் மேஜையில் ஆள் இல்லாததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். புகார் கொடுத்தவர்: ஆரோக்கியமேரி இல்லம். வருகைப் பதிவில் அன்று அவள் வந்ததாகவும் இருந்தது. என்ன எழுதுவதென்று ரகுவிடம் கேட்டாள். "இனிமே நடக்காதுன்னு எழுது," என்றார். எழுதினாள்.

சரவணன் விடவில்லை. வாரம் ஒரு போன். "சாம்பிள் எப்படி மேடம்? ஒரு ரிப்போர்ட் அனுப்புங்களேன்." ஒரு மாதம் பார்த்துவிட்டு ஷைனி உட்கார்ந்து எழுதினாள். மூன்று போல்ட்டும் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. கழற்றிப் பார்த்ததில் மரை கெடவில்லை, தளரவில்லை. புகை கசியவில்லை. கூட வருகிறவருக்குத் தலைவலி இல்லை. அடுத்த வருஷத் தேவை: ஒன்றும் இல்லை, ஏனென்றால் இவை போகாது.

அந்தக் கடிதம் அடுத்த புதன்கிழமை காலைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ஷிப்ட் ஆட்கள் நூற்றுப்பத்துப் பேரும் வரிசையில் நிற்க, ரகு ஒலிபெருக்கியில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். தன் மெயிலில் வந்ததால் முழுசாக நம்பினார். 'ஏனென்றால் இவை போகாது' என்ற இடத்தில் அவருக்கே குரல் கம்மியது. இந்த ஆலைக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து குறைப் பட்டியல் வரும், திருப்பி அனுப்பிய பெட்டி வரும். நல்ல வார்த்தை என்று ஒன்று வந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது யாருக்குமே சிரிப்பு வரவில்லை, காயத்ரிக்குக்கூட.

"கைதட்டுங்க," என்றார் ரகு.

எல்லோரும் தட்டினார்கள். கேட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாவும் தட்டினாள். ஷைனி இரண்டாவது வரிசையில் நின்று, கண்ணில் தண்ணீரோடு, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டு, மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். தட்டு அதற்குள் பாதி நிரம்பியிருந்தது.